உணவுக்குழாய் புற்றுநோய் அறுவை சிகிச்சையும் இரத்த உறைவுப் பரிசோதனைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுக்குழாய் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்று முடிவானதும் கைக்கு வரும் லேப் ரிப்போர்ட்டுகளில் ஒரு பக்கம் முழுக்க இரத்தம் உறைவது பற்றியதாக இருக்கும். டி-டைமர், ஃபைப்ரினோஜன், ஐ.என்.ஆர்., பிளேட்லெட் என்று வரிசையாகப் பெயர்கள். பாதிக்கு மேல் சிவப்பு எழுத்தில். டி-டைமர் ஏறியிருப்பதைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்கிற குடும்பங்கள் உண்டு. அதே குடும்பம், வீட்டுக்குப் போன பத்தாவது நாளில் "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை நிறுத்திவிடுவதும் உண்டு. முதலாவது பெரும்பாலும் தேவையில்லாத பயம். இரண்டாவதுதான் உண்மையான ஆபத்து. இந்தப் பக்கம் அந்த வித்தியாசத்தைச் சொல்வதற்காக எழுதப்பட்டது.

புற்றுநோய்க் கட்டி இருப்பது உணவுக்குழாயில். காலில் ஏன் இரத்தம் உறைய வேண்டும்?

புற்றுநோய் செல்கள் இருக்கும் இடத்தை மட்டும் பாதிப்பதில்லை. அவற்றின் மேற்பரப்பில் 'திசுக் காரணி' என்ற புரதம் அதிகமாக இருக்கும். காயம் பட்டால் இரத்தம் உறையும் வேலையைத் தொடங்கி வைப்பது இதே புரதம்தான். அது சிறு சிறு துகள்களாக இரத்தத்திலும் கலந்து ஓடுவதால், காயமே இல்லாத இடத்திலும் இரத்தம் உறையத் தயாராக இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் அர்மான் ட்ரூசோ 1865-இலேயே புற்றுநோய்க்கும் இரத்தக்கட்டிகளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிட்டார். பின்னர் தன் கையிலேயே அப்படி ஒரு கட்டி தோன்றியபோது, தனக்கும் புற்றுநோய் என்று அவரே கண்டுகொண்டார். 1867-இல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

உணவுக்குழாய் நோயாளிக்கு இதன்மேல் இன்னும் சில சேர்கின்றன. விழுங்க முடியாததால் உடலில் நீர் குறைகிறது, எடை இறங்குகிறது, நடமாட்டம் குறைகிறது. கீமோ மருந்துகளில் சிஸ்பிளாட்டின் போன்றவை இரத்தக்குழாயின் உட்சுவரைப் பாதிக்கும். கீமோ போட வைத்த போர்ட் குழாயைச் சுற்றியும் இரத்தக்கட்டி உருவாகலாம். அதனால்தான் சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே, கீமோ நடக்கும்போதே, ஸ்கேனில் எதேச்சையாக நுரையீரலில் இரத்தக்கட்டி தெரிய வருகிறது.

அப்புறம் அறுவை சிகிச்சை. இரத்தம் மெதுவாக ஓடுவது, குழாயின் சுவரில் காயம், இரத்தத்தின் தன்மையே மாறுவது: இந்த மூன்றும் சேர்ந்தால் இரத்தக்கட்டி உருவாகும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் இன்றும் சொல்லப்படும் கணக்கு. உணவுக்குழாய் அறுவையில் மூன்றும் ஒரே நாளில் கூடுகின்றன. பல மணி நேரம் அசையாமல் மேஜையில் படுத்திருக்க வேண்டும். வயிறு, மார்பு இரண்டிலும் வேலை நடக்கும். நோயாளிக்கு ஏற்கெனவே புற்றுநோய் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் பரிசோதனைகளில் எது எதற்கு?

பி.டி., ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி. மூன்றும் ஒரு கூட்டம். சோதனைக்குழாயில் இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பவை. வழக்கமாக ஐ.என்.ஆர். 1-ஐ ஒட்டி இருக்கும். இது கூடினால், அறுவையின்போது இரத்தக்கசிவு அதிகமாகலாம் என்று பொருள்.

பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது வழக்கம். கீமோவுக்குப் பிறகு குறையும். புற்றுநோய்க் கட்டியிலிருந்து இரத்தம் கசிந்து இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஏறும். கீமோ பெறுவோரில் யாருக்கு இரத்தக்கட்டி வரக்கூடும் என்று கணிக்க 2008-இல் வெளியான, கொரானா என்ற மருத்துவரின் பெயரிலான மதிப்பெண்ணில், கீமோ தொடங்கும் முன் 3,50,000 அல்லது அதற்கு மேல் இருந்தாலே ஒரு புள்ளி சேர்கிறது. அதாவது 'நார்மல்' எல்லைக்குள் இருக்கும் எண்ணும் புற்றுநோயாளிக்கு ஒரு சேதி சொல்லலாம்.

ஃபைப்ரினோஜன் என்பது இரத்தக்கட்டியின் மூலப்பொருள். டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இயல்பு. உடலில் அழற்சி இருந்தால் ஏறும், புற்றுநோயும் அழற்சியை உண்டாக்கும். டி-டைமர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அது கீழே வருகிறது.

ஐ.என்.ஆர். நார்மல் என்றுதானே வந்தது. அப்படியானால் இரத்தம் உறையாமல் இருக்க ஊசி எதற்கு?

மிக நல்ல கேள்வி, ஏனென்றால் மருத்துவத்துறையில் இருப்பவர்களே சில சமயம் இங்கே தடுமாறுவார்கள். ஐ.என்.ஆர். சொல்வது 'இரத்தம் உறைவது தாமதமாகிறதா' என்பதை மட்டும். 'தேவைக்கு மேல் உறையுமா' என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. ஐ.என்.ஆர். 1.0 இருக்கும் ஒருவருக்கு அன்றே காலில் இரத்தக்கட்டி இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐ.என்.ஆர். கொஞ்சம் கூடுதலாக, 1.4 அல்லது 1.5 என்று வந்தால், 'இரத்தம் தானாகவே இளகித்தான் இருக்கிறது, கட்டி வராது' என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிட முடியாதவருக்கு, அதிலும் ஆன்டிபயாட்டிக் எடுத்தவருக்கு, வைட்டமின் கே குறைந்து ஐ.என்.ஆர். ஏறும். அவருக்கு இரத்தக்கசிவு, இரத்தக்கட்டி என்ற இரண்டு ஆபத்தும் ஒரே நேரத்தில் இருக்கும். ஆபரேஷனுக்கு முன் வைட்டமின் கே கொடுத்து இதைச் சரிசெய்வார்கள்.

டி-டைமர் என்பது உண்மையில் என்ன?

உடலில் எங்கோ இரத்தம் உறைந்து, அந்த உறைவை உடலே கரைக்கும்போது விழும் துண்டுதான் டி-டைமர். கட்டிய வீட்டை இடித்தால் செங்கல் துண்டுகள் கிடப்பது போல. துண்டுகள் கிடப்பதை வைத்து எங்கோ கட்டுமானம் நடந்து இடிந்தது என்று சொல்லலாம். எந்தத் தெருவில், எந்த வீடு, அது ஆபத்தான வீடா என்று சொல்ல முடியாது.

ஆகவே டி-டைமரின் பலம் எதிர்மறையில்தான் இருக்கிறது. புற்றுநோயோ அறுவையோ இல்லாத ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்து, டி-டைமர் குறைவாக இருந்தால், நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று நிம்மதியாகச் சொல்லலாம். அதிகமாக இருந்தால் அதிலிருந்து பெரிதாக எதுவும் தெரியாது. வயது கூடினாலும், நிமோனியா வந்தாலும், புற்றுநோய் இருந்தாலும், அடிபட்டாலும், கர்ப்பத்திலும் அது ஏறும்.

ஒரு லேபில் 480, இன்னொரு லேபில் 0.9 என்று வந்திருக்கிறது. எது சரி?

முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் மில்லிலிட்டருக்கு நானோகிராமில் தரும், சில மைக்ரோகிராமில் தரும். 0.9 மைக்ரோகிராம் என்றால் 900 நானோகிராம். இதோடு முடிவதில்லை. டி-டைமரை ஃபைப்ரினோஜன் சம அலகில் சொல்லும் லேப்களும் உண்டு, டி-டைமர் அலகிலேயே சொல்லும் லேப்களும் உண்டு. முதல் அலகில் வரும் எண் இரண்டாவதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. 480-உம் 900-உம் ஒரே இரத்தத்துக்கு வந்த ஒரே விடையாகவே இருக்கலாம். பரவலாகச் சொல்லப்படும் 500 நானோகிராம் எல்லை ஃபைப்ரினோஜன் சம அலகுக்கானது. முடிந்தவரை ஒரே லேபில் தொடர்ந்து பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே டி-டைமர் அதிகம். ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்களா?

எண்ணுக்காக மட்டும் தள்ளிப்போட மாட்டார்கள். மிக அதிகமாக இருந்தால், அல்லது ஒரு கால் வீங்கியிருந்தால், கால்களுக்கு, இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் செய்து இரத்தக்கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொள்வார்கள். கட்டி இருப்பது தெரிந்தால் கதை வேறு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை முழு அளவில் சில வாரங்கள் கொடுத்துவிட்டு ஆபரேஷன் தேதியை முடிவு செய்வார்கள். புதிய கட்டி உள்ளபோது மருந்தை நிறுத்திவிட்டுப் பெரிய அறுவைக்குப் போவது ஆபத்தானது என்பதே காரணம்.

சிகிச்சைக்கு முன் டி-டைமரும் ஃபைப்ரினோஜனும் அதிகம் இருந்த உணவுக்குழாய் புற்றுநோயாளிகளுக்கு நோயின் போக்கு சராசரியாகக் கடுமையாக இருந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரிய புற்றுநோய்க் கட்டி, பரவிய நோய் ஆகியவையே இந்த எண்களையும் ஏற்றுகின்றன. கூட்டத்தைப் பற்றிய அந்தக் கணக்கை ஒரு தனி மனிதரின் ரிப்போர்ட்டில் வைத்துப் பார்த்து எதிர்காலத்தை எழுதிவிட முடியாது. தயவுசெய்து அந்த ஒரு எண்ணைக் கொண்டு யாரும் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் டி-டைமர் பல மடங்கு ஏறிவிட்டதே!

ஏறத்தான் செய்யும். மார்பிலும் வயிற்றிலும் அறுத்த ஒவ்வொரு இடத்திலும் இரத்தம் உறைந்தால்தான் காயம் ஆறும். அந்த உறைவுகள் கரையும்போது டி-டைமர் கூடும். பெரிய அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது உச்சத்துக்குப் போய், பழைய நிலைக்கு இறங்கச் சில வாரங்கள் எடுக்கும். இந்தக் காலத்தில் டி-டைமரைப் பார்த்து இரத்தக்கட்டி இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு செய்ய முடியாது. சந்தேகம் வந்தால் நேராக ஸ்கேனுக்குத்தான் போக வேண்டும்: காலுக்கு டாப்ளர், நுரையீரலுக்குச் சி.டி. ஆஞ்சியோ.

மற்ற எண்களும் தம் போக்கில் மாறும். ஃபைப்ரினோஜன் முதல் நாள் கொஞ்சம் இறங்கி, மூன்று முதல் ஐந்து நாளில் நன்றாக ஏறும். பிளேட்லெட் முதல் சில நாள் குறைந்து, பிறகு மீண்டு, இரண்டாவது வாரத்தில் முன்பிருந்ததைவிட அதிகமாகவே போகும். உறைவைக் கரைக்கும் வேலையைத் தடுக்கும் பி.ஏ.ஐ-1 என்ற புரதம் அறுவை நடந்த உடனே கூடுகிறது. இரத்தம் உறைவதைக் கட்டுக்குள் வைக்கும் ஆன்டித்ராம்பின் குறைகிறது. ஆக, முதல் சில நாள்களில் உடலே உறைதலின் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

அப்படியானால் எந்த மாற்றம்தான் கவலைக்குரியது?

ஏற வேண்டியது இறங்கினால். இதுதான் மருத்துவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பது.

ஐந்தாம் நாளில் உயர்ந்திருக்க வேண்டிய ஃபைப்ரினோஜன் கீழே போகிறது, கூடவே பிளேட்லெட் சரிகிறது, ஐ.என்.ஆர். ஏறுகிறது என்றால், உடல் முழுக்க இரத்தம் கட்டுப்பாடின்றி உறைந்து, உறைவதற்கான பொருளே தீர்ந்துகொண்டிருக்கலாம். இந்த அறுவைக்குப் பின் அப்படி நேர்ந்தால் முதலில் தேட வேண்டியது தொற்று. இரைப்பையை மேலே இழுத்து உணவுக்குழாயோடு இணைத்த தையலில் கசிவு ஏற்பட்டு, அதிலிருந்து மார்புக்குள் கிருமி பரவியிருக்கலாம். ஃபைப்ரினோஜன் அளவு 'நார்மல்' என்று அச்சாகியிருப்பதும் இங்கே ஏமாற்றும். நேற்று 600 இருந்தது இன்று 280 என்றால், 280 நார்மல் இல்லை.

இரண்டாவது, இரத்தம் உறையாமல் தடுக்கப் போடும் ஹெப்பாரின் மருந்து தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் பிளேட்லெட் பாதிக்கு மேல் குறைவது. ஹெப்பாரினுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளால் இது சிலருக்கு வரும். பிளேட்லெட் குறைந்தாலும் இவர்களுக்கு இரத்தம் கசிவதில்லை, உறைகிறது. உடனே ஹெப்பாரினை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். முதல் மூன்று நாளில் குறைவது வழக்கமானது. மீண்டு வந்த பிறகு மறுபடி விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இதனால்தான் பிளேட்லெட்டை அடிக்கடி பார்க்கிறார்கள்.

ஒரே பரிசோதனைக்கு மறுபடி மறுபடி இரத்தம் எடுக்கிறார்களே?

உறைவுப் பரிசோதனைக்கு நீல மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். அதில் சிட்ரேட் திரவம் முன்கூட்டியே இருக்கும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. குழாயில் கோடு போட்ட இடம் வரை இரத்தம் நிறையாவிட்டால் சிட்ரேட் அதிகமாகி, உறையும் நேரம் பொய்யாக நீளும். இரத்தத்தில் சிறு உறைவு விழுந்திருந்தாலும், ஹெப்பாரின் கலந்த குழாயிலிருந்து எடுத்தாலும் விடை தவறும். சந்தேகமான எண்ணை நம்பி மருந்து மாற்றுவதைவிட இன்னொரு முறை குத்துவது மேல்.

டி.இ.ஜி., ரோட்டெம் என்று சொல்கிறார்களே?

முழு இரத்தம் உறைந்து, கெட்டியாகி, கரைவதை வரைபடமாகக் காட்டும் கருவிகள். அறுவை நடக்கும்போது இரத்தப்போக்கு வந்தால் எந்தப் பொருள் ஏற்ற வேண்டும் என்று முடிவெடுக்க உதவும். இரத்தம் உறைவதன் தடயங்களான த்ராம்பின்-ஆன்டித்ராம்பின் கூட்டு, புரோத்ராம்பின் துண்டு 1+2 போன்றவை பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் அளக்கப்படுகின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் இவை இல்லையென்றால் எதையும் தவறவிட்டதாக நினைக்க வேண்டாம்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

லேப் எண்களைவிட நோயாளியின் நிலைமையை வைத்துத்தான். கப்ரினி மதிப்பெண் என்று ஒரு கணக்கு உண்டு. 65 வயதுக்கு 2, புற்றுநோய்க்கு 2, முக்கால் மணி நேரத்துக்கு மேலான பெரிய அறுவைக்கு 2, கழுத்தில் போடும் மத்தியச் சிரைக் குழாய்க்கு 2. மொத்தம் 8. ஐந்தை எட்டினாலே அதிக ஆபத்து. உணவுக்குழாய் அறுவைக்கு வரும் ஏறக்குறைய எல்லோருமே அந்த எல்லையிலோ அதற்கு மேலோதான் இருக்கிறார்கள். அதனால்தான் டி-டைமர் குறைவாக இருந்தாலும் ஊசி உண்டு. முன்பு ஒருமுறை இரத்தக்கட்டி வந்திருந்தாலோ, குடும்பத்தில் வந்திருந்தாலோ கட்டாயம் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் இன்னும் ஏறும்.

வீட்டுக்குப் போன பிறகும் ஊசி ஏன்? எத்தனை நாள்?

மொத்தம் ஏறக்குறைய நான்கு வாரம். வயிறு, இடுப்புப் பகுதிப் புற்றுநோய்களுக்கு அறுவை செய்தவர்களிடம் ஹெப்பாரின் வகையான எனாக்சாபரின் ஊசியை ஒரு வாரம் போடுவதா, நான்கு வாரம் போடுவதா என்று ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரு வாரத்தோடு நிறுத்தியவர்களில் 12 சதவீதம் பேருக்கும், நான்கு வாரம் போட்டவர்களில் 4.8 சதவீதம் பேருக்கும் படமெடுத்துப் பார்த்ததில் இரத்தக்கட்டி இருந்தது. இரத்தப்போக்கு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. உணவுக்குழாய் அறுவை அவற்றுக்குச் சற்றும் குறைந்த அறுவை அல்ல. எனவே இங்கும் அதே காலம் பரிந்துரைக்கப்படுகிறது.

இரத்தக்கட்டிகளில் பல, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்தான் வருகின்றன. வார்டில் தினமும் நடக்க வைக்க ஆள் இருந்தது, கால்களை அழுத்திவிடும் காற்றுப்பட்டை இருந்தது. வீட்டில் சோர்வாகப் படுத்தே இருந்துவிடுவார்கள். ஊசியும் நின்றால் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை தேதி வரை ஊசி என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவை மாற்றுவார்கள். அவர்களுக்கும் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் சில சமயம் ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து, மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஆன்டி-டென்-ஏ அளவு பார்ப்பார்கள்.

வீட்டில் நாங்களே ஊசி போடலாமா?

தாராளமாக. வார்டில் இருக்கும்போதே நர்ஸ் முன்னால் ஒன்றிரண்டு முறை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரம். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில், ஒரு நாள் வலம் மறுநாள் இடம். உணவு செலுத்தும் குழாய் போட்ட இடத்தையும் தையல் தழும்பையும் தவிர்க்கவும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழி தெரியும். முழு சிரிஞ்சையும் போடுவதானால் அதை வெளியேற்றக் கூடாது, மருந்து முழுதாக உள்ளே போக அது உதவுகிறது. தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேராக முழுவதும் இறக்கி, மெதுவாக அழுத்தி, ஊசியை வெளியே எடுக்கும் வரை மடிப்பை விடாதீர்கள். பிறகு தேய்க்கக் கூடாது, தேய்த்தால் நீலமாகக் கன்றும். சிறிய நீலத் திட்டுகள் வந்தால் பயப்பட வேண்டாம். எடை மிகவும் இறங்கி வயிற்றில் சதையே இல்லாதவர்களுக்கு வேறு இடம் எது என்று மருத்துவக் குழுவிடம் கேளுங்கள்.

ஊசிக்குப் பதில் மாத்திரை கூடாதா?

இந்த அறுவையில் இது சிக்கலான விஷயம். இரைப்பை குழாய் வடிவில் மாற்றப்பட்டிருக்கும். பலருக்கு உணவு சிறுகுடலில் வைத்த குழாய் வழியாகப் போகும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் ரிவராக்சபான் இரைப்பையில்தான் நன்றாக உறிஞ்சப்படுகிறது. பொடித்துச் சிறுகுடலுக்குள் நேரே விட்டால் இரத்தத்தில் சேரும் அளவு குறைந்துவிடும். டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைத் திறக்கவே கூடாது. குழாய் உணவில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரின் என்ற மாத்திரையின் வேலையைக் குறைக்கும். தோலுக்கடியில் போடும் ஊசிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நன்றாக விழுங்கத் தொடங்கிய பிறகு மாற்றலாமா என்று கேட்கலாம், நீங்களாக மாற்ற வேண்டாம்.

முதுகில் வலி நிவாரணக் குழாய் போட்டிருக்கிறார்கள். ஊசியும் சேர்ந்து போடலாமா?

போடலாம், நேரம் பார்த்து. தண்டுவடத்தின் அருகே இரத்தம் கசிந்து தேங்கினால் கால்கள் செயலிழக்கும். அதனால் தடுப்பு அளவு எனாக்சாபரின் போட்டு 12 மணி நேரமாவது ஆன பிறகே அந்தக் குழாயை எடுப்பார்கள். எடுத்த பின் 4 மணி நேரம் கழித்தே அடுத்த ஊசி. கால் மரத்துப்போனாலோ, அசைக்க முடியாவிட்டாலோ, புதிதாகக் கடும் முதுகுவலி வந்தாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள்.

இதயத்துக்காக ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறேன்.

பெயர், அளவு, கடைசியாக எடுத்த நாள் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வார்ஃபரினைப் பொதுவாக ஐந்து நாள் முன்பும், குளோபிடோக்ரெலை ஐந்து முதல் ஏழு நாள் முன்பும் நிறுத்துவார்கள். புதிய வகை மாத்திரைகளுக்கு இரண்டு மூன்று நாள் போதும். ஆஸ்பிரினைப் பலருக்கு நிறுத்த மாட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் யாருடைய பேச்சையும் கேட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. துணைச்சத்து மாத்திரைகள் எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம், காரணமின்றிப் படபடக்கும் இதயம். இவை நுரையீரலுக்கு இரத்தக்கட்டி சென்றதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, போர்ட் வைத்த பக்கத்துக் கையோ கழுத்தோ வீங்கினாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். "அறுவைக்குப் பிறகு இப்படித்தான் மூச்சு வாங்கும்" என்று காத்திருக்காதீர்கள். மறுபக்கம், கருநிற மலம், வாந்தியில் இரத்தம், நிற்காத கசிவு ஆகியவை ஊசியால் வரும் இரத்தப்போக்கின் அடையாளங்கள். அவற்றுக்கும் அவசர சிகிச்சைதான்.

நான்கு வாரம் முடிந்தது. நிறுத்துமுன் டி-டைமர் பார்க்க வேண்டுமா?

பொதுவாகத் தேவையில்லை. அப்போதும் அது முழுதாக இறங்கியிருக்காது, பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். புற்றுநோய் திரும்பியதா என்று அறியவும் அது உதவாது, அதற்கு ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் இருக்கின்றன. நிறுத்தும் முன் கேட்க வேண்டியவை வேறு: இன்னும் படுக்கையிலேயே இருக்கிறாரா? போர்ட் குழாய் உள்ளேயே இருக்கிறதா? மறுபடி கீமோ தொடங்கப் போகிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால், கடைசி ஊசி தீரும் முன்பே மருத்துவரைப் பார்த்து, மேலும் தொடர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.